பில்லில் அப்பா பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சுகப்பிரியாவின் காது மெஷின் செத்துப்போனது. சாவதற்கு முன்னால் ஒரு கொர்ர், ஒரு கீச்சு, ஒன்றும் கிடையாது. பக்கெட்டில் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தத்தை மட்டும் காணோம். பக்கத்துக் குழாயில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்த கனிஷ்காவின் வாய் அசைகிறது, அவ்வளவுதான். பட்டன் செல்லை மாற்றிப் பார்த்தாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். வாயால் ஊதினாள். சுண்டைக்காய் அளவு மெஷின், உள்ளங்கையில் அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு இன்டர்வியூ.

ஒரகடத்தில் போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் கேமரா மூடி ஒட்டுகிற லைனில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். அப்ரென்டிஸ். இருநூறு பிள்ளைகளில் நாற்பது பேரைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். மற்றவர்கள் மூன்று நாளில் ஹாஸ்டல் கட்டிலைக் காலி செய்துகொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். ஊர் என்றால் அவளுக்குப் புளியங்குடிப் பக்கம். அங்கே அம்மா பீடி சுற்றுகிறாள், அப்பா எலுமிச்சைத் தோட்டத்துக்குக் காவல் இருக்கிறார், தெருவில் அவளுக்குப் பெயர் 'செவிட்டுப்பிள்ளை'. பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் ரேஷன் கடைக்காரர் வரை அதே பெயர்தான். சுகப்பிரியா என்று அவளை முதன்முதலில் வாய் நிறையக் கூப்பிட்டது இந்த ஒரகடம்தான். அந்தப் பெயரை இங்கே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

ஏழு வயதில் வந்த காய்ச்சலில் வலது காது அடியோடு போயிற்று. இடது காதில் கொஞ்சம் மிச்சம். கிட்டே வந்து கத்தினால் கேட்கும். முகத்தைப் பார்த்தால் பாதி புரியும். மெஷின் போட்டால் மனுஷி மாதிரி இருக்கலாம்.

இதைக் கம்பெனியில் சொன்னால் என்ன, தலையையா வாங்கிவிடுவார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தாள். சூப்பர்வைசர் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், இவள் திரும்பவில்லை. மறுநாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வேற எடம் பாத்துக்கம்மா" என்று நல்ல விதமாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல விதமாகச் சொன்னதுதான் அவளுக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

அப்புறம் இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். சேரும்போது மெடிக்கல் தாளில் கண், காது எல்லாவற்றுக்கும் வரிசையாக 'நார்மல்' என்று டிக் விழுந்துவிட்டது. யாரும் சோதிக்கவில்லை. முதல் வருஷம் முழுக்க ஓ.டி. பார்த்துச் சேர்த்த காசில் தாம்பரத்துக்குப் போய் மெஷின் வாங்கினாள். அங்கேதான் அந்தப் பிசகு நடந்தது.

கடைச் சுவரில் ஒரு போர்டு மாட்டியிருந்தது. கீழ்க்கண்ட கம்பெனி ஊழியர்களுக்கு ஐ.டி. கார்டு காட்டினால் தள்ளுபடி என்று போட்டு, வரிசையாகப் பெயர்கள். நாலாவது பெயர் அவள் கம்பெனி. தள்ளுபடி தருகிறவன் கம்பெனிக்குக் கணக்கு அனுப்பாமலா இருப்பான்? கணக்கில் பெயர் இருக்காதா? வெளியே போய், திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் எடுத்த தன் காது டெஸ்ட் தாளை, பெயர் இருந்த இடத்தை மடித்து ஜெராக்ஸ் எடுத்து நீட்டினாள்.

"யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு. ஊர்ல இருக்காக. வர முடியாது."

பில் போட்டார்கள். பேச்சிராஜ், வயது 58. தள்ளுபடி இல்லை. தாளில் காது கேட்கிற அளவைக் காட்டும் கோட்டைப் பார்த்து மெஷினைச் செட் பண்ணிக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வருஷ வாரன்டி என்றார்கள். திரும்பும் வழியில் படப்பை தாண்டும்போது, பில்லையும் வாரன்டி கார்டையும் நாலாகக் கிழித்து பஸ் ஜன்னல் வழியாக விட்டாள். டப்பாவை ஒரகடம் பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போட்டாள். ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரூம் செக்கிங். ஹீட்டர் இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா என்று வார்டன் பையையெல்லாம் கட்டிலில் கவிழ்ப்பாள். அந்தத் தாள் ஒன்று கண்ணில் பட்டால் போதுமே.

கம்பெனி கேட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை. உள்ளே ஒரு ஊசி கொண்டுபோனாலும் கருவி கத்தும். காவலுக்கு நிற்கிற கிளியம்மாள், வடக்குப்பட்டுக்காரி, மெஷின் போட்டு வந்த முதல் நாளே தொப்பியை விலக்கிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமா இது, காதுல சொருவிகினு கீற? ப்ளூடூத்தா?"

"காது மெஷின்க்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா."

கிளியம்மாள் தொப்பியைத் திரும்ப இழுத்துவிட்டாள். "எங்க மாமியாருக்கும் ஒண்ணு கீது. போட்டா நான் திட்டுறது கேக்குதுன்னு கயட்டி வச்சுடும். போ போ, லைன் நிக்குது பாரு."

இன்னொருத்தி கனிஷ்கா. அடுத்த கட்டில். இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாளும் அதைப் பேச்சாகப் பேசியதில்லை. நடக்கும்போது எப்போதும் இடது பக்கமாக வந்து நின்றுகொள்வாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் இருவரும் தாம்பரம் போனார்கள். கடையில் ஆள் மாறியிருந்தது. பழைய ஓனர் கடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். இப்போது இருப்பவர் தசரதன் என்று ஒருவர். நல்ல மனுஷர். மெஷினைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"போர்டு போய்ட்சுமா. வாரன்டில இருந்தா கம்பெனியே மாத்திக் குடுத்துடும். பில்லு கீதா?"

கனிஷ்கா அவர் சொன்னதை, அவர் கவனிக்காதபடி, சுகப்பிரியாவுக்கு வாயசைத்துக் காட்டினாள்.

"தொலைஞ்சு போச்சுண்ணே."

"கார்டு?"

"அதுவும்."

"டப்பாவாச்சும்? டப்பா மேல ஸ்டிக்கர் இருக்குமே?"

"டப்பாவ வச்சா எங்க ரூம்ல எட்டுப் பேரு எங்கண்ணே படுக்க?" என்றாள் கனிஷ்கா.

தசரதன் சிரித்துவிட்டார். மெஷினில் பொடிப்பொடியாக இருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். "நம்பர் கீது. பில் புக்கெல்லாம் பழைய ஓனர் எடுத்துகினு போய்ட்டாரு, ஆனா பேரு ஏறிகீது. பேச்சிராஜ், அம்பத்தெட்டு. யாரு?"

"அப்பா."

"அப்ப பிரச்சன இல்ல. பில் இல்லன்னா பேருக்குரியவரு நேர்ல வரணும். ஆதார் எடுத்துகினு வரச் சொல்லு. ஒரு டெஸ்ட் எடுத்து ஏத்திட்டா, வாரன்டி ஓப்பன் ஆயிடும். புதுசு வர பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் அன்னிக்கே ஒரு மெஷின் இரவல் குடுத்துடுவேன். போதுமா?"

அன்றைக்கே. அந்த ஒரு வார்த்தையைக் கனிஷ்காவின் உதட்டில் படித்ததும் சுகப்பிரியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரவல் மெஷின் கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குப் போதும். அதற்கப்புறம் எப்படியோ போகட்டும்.

'அது எனக்குத்தான் அண்ணே' என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தசரதன் தலைக்கு மேலே அதே போர்டு, அதே நாலாவது பெயர். அவள் பார்வை போன இடத்தை அவரும் பார்த்து, அவள் கழுத்து ஐ.டி. கயிற்றைக் காட்டி, "நீங்க அந்தக் கம்பெனியா? உங்க ஹெச்.ஆர். மேடம் முந்தாநாள்கூட போன் பண்ணாங்க, காது கேம்ப் ஒண்ணு போடுங்கன்னு" என்றார். கனிஷ்கா அதையும் வாயசைத்தாள். சுகப்பிரியா வாயை மூடிக்கொண்டாள்.

பேச்சிராஜ் வியாழக்கிழமை காலை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை, ஆதார் கார்டு சட்டைப் பையில், அதற்கு மேலே ஊக்கு. மகளைப் பார்த்ததும் இடது காதருகே குனிந்து, "மெலிஞ்சுட்டியே தாயி" என்றார்.

அவருடைய காதைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேலையே காதுதான். மேற்கு மலையிலிருந்து பன்றி இறங்கி எலுமிச்சை வேரைப் பறிக்க வரும். வேலிக்கு அந்தப்பக்கம் அது மூக்கால் மண்ணை மோந்தாலே பேச்சிராஜுக்கு இங்கே எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும். தோட்டத்து முதலாளி வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்மாளு காது இருக்கே, அது காது இல்லைய்யா" என்று பெருமை பேசுவார். மகளுக்கு இல்லாததைக் கடவுள் தன்னிடம் கூட்டி வைத்துவிட்டானே என்று பேச்சிராஜ் மட்டும் உள்ளுக்குள் கூனிக்குறுகுவார்.

பஸ்ஸில் சுகப்பிரியா விவரம் சொன்னாள். "ஒங்களுக்குத்தான் காது கேக்காதுன்னு சொல்லணும்ப்பா."

"சரிம்மா."

"கேட்டாலும் கேக்காத மாதிரி இருக்கணும்."

"அதென்ன பெரிய காரியம்? நா பாத்துக்கிடுதேன்."

கடையில் அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே செய்தார்.

"வாங்க பெரியவரே, ஒக்காருங்க," என்றார் தசரதன்.

"ஆங்?"

"ஒக்காருங்க!"

"எங்க ஊரா? புளியங்குடி!"

தசரதன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சரியான கேஸுதான். ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனாத்தான் இவருக்குக் கேக்கும்போல." ஆதாரைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் பார்த்தார், தலையாட்டினார். கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறைக்குள் பேச்சிராஜை உட்கார வைத்தார்கள். டெஸ்ட் எடுக்கிற பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "ஐயா, பீப் பீப்னு ஒரு சத்தம் வரும். எவ்வளவு சன்னமா கேட்டாலும் கையத் தூக்கணும். நல்லா கவனமா கேளுங்க, என்ன?"

கதவு சாத்தினார்கள். சுகப்பிரியா வெளியே கண்ணாடியை ஒட்டி நின்றாள். கனிஷ்கா ஷிப்டில் இருந்தாள். இன்றைக்கு இவள் தனி.

பேச்சிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கை உயர்ந்தது.

முதல் தடவை உயர்ந்தபோது சுகப்பிரியா, போகட்டும், ஒன்றிரண்டு கேட்கத்தானே செய்யும் என்று நினைத்தாள். மறுபடி உயர்ந்தது. மறுபடி. டெஸ்ட் எடுக்கிற பெண் பொத்தானை அழுத்த அழுத்த, அந்தக் கை விடாமல் தப்பாமல் உயர்ந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சத்தத்தை இன்னும் குறைத்தாள். கை உயர்ந்தது. சுகப்பிரியா கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையாலும் சைகை காட்டினாள், கடைசியில் கண்ணாடியைத் தட்டவும் செய்தாள். அவர் கண்ணைத் திறந்தால்தானே. தலையைச் சற்றுச் சாய்த்து, உதட்டை இறுக்கி, வேலியோரம் உட்கார்ந்திருக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். பாவி மனுஷன், ஒன்றைக்கூட விடவில்லை.

வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்வை, ஆனால் சிரிப்பு. மகள் காதில் குனிந்து சொன்னார்: "ஒண்ணையும் விடல தாயி. கடசில எறும்பு ஊர்ற மாதிரி வந்துச்சு, அதையும் பிடிச்சுட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது.

"கேக்கலன்னு சொல்லத்தான் நெனச்சுப் போனேன்," என்றார் மெல்ல. "அந்தப் பிள்ள கவனமா கேளுங்கன்னு சொன்னப்ப, பரீட்ச மாதிரி இருந்துச்சு. நான் தோத்துட்டா ஒனக்கு மெஷின் குடுக்க மாட்டாகளோன்னு…"

அவளுக்கு இதில் பாதிதான் கேட்டது. பாதியே போதுமாக இருந்தது.

தசரதன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது சிரிப்பு இல்லை. "இன்னாமா இது? இந்த வயசுல இவ்ளோ நல்ல காத நான் பாத்ததே இல்ல. இவருக்கு எதுக்கு மெஷினு? யாரு போட்டுகினு இருந்தது?"

சுகப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். போர்டைச் சொன்னாள், மடித்த ஜெராக்ஸைச் சொன்னாள், படப்பையில் கிழித்த பில்லைச் சொன்னாள். நாளைக்கு இன்டர்வியூ என்பதையும் சொன்னாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டன் செல் வாங்க வந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் இருந்துகொண்டாள்.

தசரதன் அவளைக் கூண்டுக்குள் உட்கார வைத்து டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அவள் கை எப்போதாவதுதான் உயர்ந்தது. அந்தத் தாளையும், கடை ஃபைலில் கிடந்த போன வருஷத்து ஜெராக்ஸையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு கோடும் ஒன்று. ஒரே இடத்தில் இறங்கி, ஒரே இடத்தில் படுத்துக்கிடந்தன.

"உன்துதான். எனக்குத் தெரியுது," என்றார். அவள் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார். "ஆனா பேரு மாத்தணும்னா ஒரிஜினல் பில் கேப்பாங்க. இல்லன்னா நான் எய்தி அனுப்பணும். பதினஞ்சு நாள் ஆவும், வருமோ வராதோ."

"இரவல் மெஷின் மட்டும் குடுங்கண்ணே. ஒரே ஒரு நாளைக்கு. நாளைக்குச் சாயங்காலமே கொண்டாந்து குடுத்துருதேன்."

"வாரன்டி நம்பர் போட்டாத்தான் அந்த மெஷினே ஆன் ஆவும். நானா ஆன் பண்ண முடியாதும்மா." அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பா பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு வரி ஓடியது. "உங்கப்பாரு டெஸ்ட் முடிச்சதும் அதுவா ஏறிட்சு. வேற ஆளு யூஸ் பண்ணினுகீறாங்கன்னு லாக் பண்ணிட்சு. திங்கக்கெயம எங்கிட்ட உண்மைய சொல்லிருந்தா, உங்கப்பாரு ஆதார வச்சுகினு, உன் காத டெஸ்ட் பண்ணியே ஏத்திருப்பேனே. இன்னாத்துக்கும்மா பயந்த?"

அவள் போர்டைக் காட்டினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "அது சும்மாமா," என்றார். "வியாபாரத்துக்கு மாட்டுனது. நாங்க யாருக்கும் ஒரு பேரும் அனுப்புறதில்ல."

அந்த வார்த்தைதான் அவளை உட்கார வைத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து, காலுக்கடியில் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சிராஜ் பக்கத்தில் நின்றார். தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் பயம்.

வெள்ளிக்கிழமை கனிஷ்காவுக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ, சுகப்பிரியாவுக்கு இரண்டு மணிக்கு. கனிஷ்கா வெளியே வந்ததும் நேராகப் பாத்ரூமுக்கு இழுத்துப்போய், கேள்விகளை வரிசையாக ஒரு டிஷ்யூ தாளில் எழுதிக் கொடுத்தாள். பேர், ஊர், லைனில் எந்த ஸ்டேஷன், லைன் நின்றால் என்ன செய்வாய், எத்தனை லீவு எடுத்திருக்கிறாய். "இதே வரிசதான் ஏளா. எல்லாத்துட்டயும் இதேதான் கேக்காக. மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டே இரு."

உள்ளே மூன்று பேர். நடுவில் ஹெச்.ஆர். மேடம். மேலே ஏ.சி. இரைச்சல், அதுவும் சேர்ந்துகொண்டால் மிச்சம் இருக்கிற காதும் அடைத்த மாதிரிதான். முதல் கேள்விக்கு மேடம் நிமிர்ந்து பார்த்தாள். சுகப்பிரியா பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். ஸ்டேஷன் சொன்னாள். சரியாகப் போயிற்று. மூன்று பேரும் தலையாட்டினார்கள். சுகப்பிரியாவுக்கு முதன்முறையாக மூச்சு சீராக வந்தது.

நாலாவது கேள்வியை மேடம் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். முகம் தெரியவில்லை, உதடு தெரியவில்லை. தலை மட்டும் அசைந்து நின்றது. வரிசைப்படி பார்த்தால் லைன் நின்றால் என்ன செய்வாய் என்பது. சுகப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்து தெளிவாகச் சொன்னாள்:

"சிகப்பு பட்டன அமுக்கிட்டு, லீடரக் கூப்பிடுவேன் மேடம். அவங்க வர்ற வரைக்கும் எதையும் தொட மாட்டேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. யாருக்கும் வந்துவிடுகிற சிரிப்புதான். ஓரத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னபோதுதான் கேள்வி என்னவென்று அவளுக்குப் புரிந்தது. கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கிறார்கள்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். வேண்டுமென்றே மறைத்தாளோ, தற்செயலோ, யாருக்குத் தெரியும். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சுகப்பிரியாவும் காத்திருந்தாள். மேடம் ஃபைலை இறக்கியபோது முகத்தில் கோபம் இல்லை. ரொம்பப் பரிவாக இருந்தது. அந்தப் பரிவை அவள் இருங்காட்டுக்கோட்டையிலேயே பார்த்திருக்கிறாள்.

"தேங்க்யூ மா," என்றாள் மேடம், உதட்டை நன்றாகத் திறந்து. "போலாம்."

நாலு மணிக்கு டைம் ஆபீஸ் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். நாற்பது பெயர். மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். பதினேழாவது கனிஷ்கா. கனிஷ்கா தன் பெயரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் இவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் கத்துகிறார்கள், குதிக்கிறார்கள் என்பது தெரிந்தது. சுகப்பிரியா கையை உருவிக்கொண்டு போய் ஐ.டி. கார்டு, தொப்பி, ஷூ மூன்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாள். லாக்கரில் கிடந்த பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் பேச்சிராஜ் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். லாரிகளுக்கு நடுவே அவள் கடந்து வருவதைப் பார்த்து எழுந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கழுத்தில் கயிறு இல்லாததைப் பார்த்துவிட்டார். அவளை நிழலுக்குள் இழுத்து நிறுத்தி, குனிந்து ஏதோ சொன்னார். கன்டெய்னர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கேட்கவில்லை என்று தலையசைத்தாள். மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்:

"நாளைக்கி மறுபடியும் அந்தக் கடைக்கிப் போவமா தாயி? இந்தத் தடவ நா கையத் தூக்கவே மாட்டேன்."

"சரிப்பா," என்றாள் அவள்.

பிறகு இருவரும் ஹாஸ்டல் இருக்கிற வடக்குப்பட்டுப் பக்கமாக நடந்தார்கள், சாமான் கட்ட.